கைமாறி வந்த கவூக்

உதுமானியத் துருக்கியர் ஆண்ட நிலப்பரப்பையும், எழுப்பிய பள்ளிவாசல்களையும், வென்ற போர்களையும் பற்றி நம் மொழியில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அம்மக்கள் எதைக் கண்டு சிரித்தார்கள், அவர்களைச் சிரிக்க வைத்தவர்கள் யாவர் என்பன பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு சமுதாயத்தை அறிந்துகொள்ள அதன் சட்ட நூல்கள் உதவுவது போலவே அதன் நகைச்சுவையும் உதவும். துன்பத்தை அச்சமுதாயம் எவ்வாறு தாங்கிற்று, அதிகாரத்தை எந்தக் கண்ணால் நோக்கிற்று, தன் குறைகளை எவ்வளவு உணர்ந்திருந்தது என்பவற்றை நகைச்சுவை மறைக்காமல் காட்டிவிடும்.

துருக்கியின் நகைச்சுவை மேடைக்குப் பழைய குல்லாய் ஒன்று சின்னமாக விளங்கி வருகிறது. 'கவூக்' என்பது அதன் பெயர். அரசாங்கம் அதை வழங்குவதில்லை. நடுவர் குழு கூடித் தேர்ந்தெடுப்பதும் இல்லை. அதை வைத்திருக்கும் நடிகர், தமக்குப் பின் அதற்குத் தகுதியுடையவர் என்று தாம் கருதும் ஒருவரை அழைத்துத் தம் கையாலேயே கொடுப்பார். 1989 முதல் 2016 வரை இருபத்தேழு ஆண்டுகள் அதைக் காத்து வைத்திருந்தவர் ஃபர்ஹான் ஷென்ஸோய். நாடகாசிரியர், நடிகர், இசை நாடகங்களைப் படைத்தவர் என்று பல முகங்கள் கொண்ட அக்கலைஞரின் வாழ்வை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் கதை விளங்க வேண்டுமானால் அக்குல்லாயின் கதையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தலையின் அடையாளம்

கவூக் என்பது பஞ்சு வைத்துத் தைத்த உயரமான குல்லாய். அதன்மேல் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக் கட்டுவர். உதுமானிய நாட்டில் ஒருவருடைய தலையைப் பார்த்தே அவருடைய பதவியையும் தொழிலையும் தெரிந்துகொள்ளலாம். இறந்த பின்னரும் அந்த அடையாளம் நீங்கவில்லை. இஸ்தான்பூலின் பழைய கபுறுஸ்தான்களில், மீஸான் கற்களின் உச்சியில் கல்லிலேயே செதுக்கிய தலைப்பாகைகளை இன்றும் காணலாம்.

1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தம் அரசு அலுவலர்கள் ஃபெஸ் என்னும் சிவப்புக் குல்லாயை அணிய வேண்டுமென ஆணையிட்டார். நம்மவர் 'துருக்கித் தொப்பி' என்று பெயரிட்டுப் பெருமையுடன் அணிந்தது அதையே. மார்க்க அறிஞர்களுக்கு மட்டும் தலைப்பாகை விட்டுவைக்கப்பட்டது. 1925இல் முஸ்தஃபா கமாலின் குடியரசு ஃபெஸ்ஸையும் விலக்கி, மேனாட்டுத் தொப்பியைச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. இவ்வாறு நூறாண்டுக்குள் இருமுறை துருக்கியரின் தலை மாறியது. கவூக் தெருவை விட்டு மறைந்து, கபுறுக் கற்களிலும் கூத்துக் களத்திலும் மட்டும் தங்கியது.

ரமலான் இரவுகள்

உதுமானியர் காலத்து நகரங்களில் பகலெல்லாம் நோன்பிருந்த மக்கள் இஃப்தாரும் தொழுகையும் முடிந்தபின் காப்பிக் கடைகளில் கூடுவர். அங்கே அவர்களுக்கு மூவகை மகிழ்வூட்டல்கள் இருந்தன.

முதலாவது, 'மத்தாஹ்' என்னும் கதை சொல்பவரின் கலை. புகழ்ந்துரைப்பவர் என்பது இச்சொல்லின் பொருள். மார்க்கப் பெரியார்களின் சரிதைகளைச் சொல்லத் தொடங்கியவர்கள் காலப்போக்கில் வீரக் கதைகளையும் ஊர்க் கதைகளையும் சொல்லலாயினர். ஒரு நாற்காலி, கையில் ஒரு கோல், தோளில் ஒரு கைக்குட்டை, இவ்வளவே மத்தாஹின் கருவிகள். இவற்றைக் கொண்டே அரசன், கிழவி, கடல் வணிகன் என எத்தனை பேர் வேண்டுமானாலும் அவர் ஆகிவிடுவார்.

இரண்டாவது, 'கராகோஸ்' என்னும் நிழற்கூத்து. ஒட்டகத் தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை விளக்கொளியில் வெண்திரைக்குப் பின்னால் ஆட்டுவர். படிக்காத, ஆனால் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடும் கராகோஸும், படித்த, இனிக்கப் பேசும் ஹாஜிவாத்தும் இதன் இரு தலைமைப் பாத்திரங்கள். புர்ஸா நகரில் சுல்தான் ஓர்ஹான் காலத்தில் பள்ளிவாசல் கட்டும் பணியில் இருந்த இருவர், தம் வேடிக்கைப் பேச்சால் மற்றவர் வேலையையும் நிறுத்திவிட்டதால் தண்டனைக்குள்ளாகி உயிரிழந்தனர் என்றும், அவர்கள் நினைவாகவே இக்கூத்துப் பிறந்தது என்றும் மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. ரமலானில் கத்ர் இரவு நீங்கலாக ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கூத்து என்பது பழைய முறை.

கூத்தும் நாடகமும் ஆகுமா என்பது பற்றி ஆலிம்களிடையே பல கருத்துகள் இருந்து வந்துள்ளன. அவ்விவாதத்தில் புகுவது நம் நோக்கமன்று. ஆயினும் நிழற்கூத்தைப் பற்றிய இரு செய்திகளை வரலாற்றில் காண்கிறோம். ஷைகு இப்னு அரபி அவர்கள் தம் 'ஃபுத்தூஹாத்துல் மக்கிய்யா'வில், திரைக்குப் பின் நின்று பாவைகளை இயக்குபவனைச் சுட்டி, இவ்வுலகின் நிலையை விளக்க அதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார்கள். சுல்தான் சுலைமான் காலத்து ஷைகுல் இஸ்லாமாகிய அபுஸ்ஸுஊத் எஃபந்தி அவர்களிடம் இக்கூத்தைப் பார்ப்பது பற்றிக் கேட்கப்பட்டபோது, படிப்பினை பெறும் நோக்குடன் பார்ப்பவரைக் குற்றம் கூறவில்லை. சிரிப்புக்குள் 'இப்ரத்' இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அக்கலையுடன் நெடுங்காலம் ஒட்டியே வந்தது.

மூன்றாவது, 'ஓர்த்தா ஓயுனு'. நடுவில் ஆடும் ஆட்டம் என்பது இதன் பொருள். இதற்கு மேடை இல்லை, திரை இல்லை, மக்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்க நடுவெளியில் நடிப்பர். வீட்டைக் குறிக்க ஒரு மடிப்புத் தட்டி, கடையைக் குறிக்க ஒரு சிறு தட்டி, அவ்வளவுதான் காட்சி அமைப்பு. ஸுர்னாவும் முரசும் ஒலிக்க ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய இசையுடன் களம் புகும். ஆட்டத்தை நடத்துபவர் பெயர் 'பீஷெகார்'. அவருடன் வாய்ப்போர் நடத்தி மக்களைச் சிரிக்க வைப்பவர் 'கவூக்லு', அதாவது கவூக் அணிந்தவர். அர்மீனியர், கிரேக்கர், யூதர், அரபியர், பாரசீகர், அல்பேனியர், கருங்கடற்கரை லாஸ் மக்கள் எனப் பேரரசின் குடிகள் அனைவரும் தத்தம் பேச்சு வழக்குடன் அவர்முன் வந்து செல்வர்.

ஏட்டில் இல்லாத கலை

இக்கலைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எழுதி வைத்த உரையாடல் இவற்றுக்குக் கிடையாது. கதையின் எலும்புக்கூடு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதற்குத் தசையும் உயிரும் அன்றன்றைக்குக் களத்தில்தான் உண்டாக வேண்டும். ஆகவே ஏட்டிலிருந்து இக்கலையைக் கற்க இயலாது. உஸ்தாதின் அருகில் ஆண்டுக்கணக்கில் நின்று, கண்ணாலும் காதாலும் பெற்றுக்கொள்ள வேண்டும். துருக்கியின் கைத்தொழிற் குழுக்களில், பயிற்சி முடித்த மாணவனின் இடுப்பில் உஸ்தாத் தம் கையாலேயே கச்சையைக் கட்டி அவனைத் தொழிலாளனாக ஏற்கும் சடங்கு இருந்தது. கவூக் கைமாறும் வழக்கத்தை அந்தப் பின்னணியில் வைத்தே காண வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டு முறை நாடகம் இஸ்தான்பூலுக்கு வந்தது. 1870இல் குல்லு ஆகோப் என்னும் அர்மீனிய நாடகத் தலைவர், துருக்கி மொழியில் எழுதப்பட்ட நாடகங்களைத் தலைநகரில் நடத்தும் தனியுரிமையைப் பத்தாண்டுகளுக்கு அரசிடம் பெற்றார். பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி யஃகூப் என்னும் பெயர் பூண்டவரும் இவரே. இத்தனியுரிமையால் பழைய கூத்தர்களின் பிழைப்பே போய்விடும் போலிருந்தது. அவர்கள் ஒரு வழி கண்டனர். உரிமை எழுதப்பட்ட நாடகத்துக்குத்தானே? நாம் எழுதாமலே நடிப்போம் என்று மேடையேறினர். நடுவெளியில் ஆடியவர்கள் திரையும் மேடையும் உள்ள அரங்கில், தங்கள் பழைய முறையிலேயே, நினைத்ததை நினைத்த கணத்தில் பேசி நடித்தனர். இதற்குத் 'துலூஆத்' என்று பெயர் வழங்கிற்று. உதயமாதல் என்னும் பொருளுள்ள துலூஉ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது இது. உள்ளத்தில் உதிப்பதை உதித்தவாறே சொல்லுதல் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

எழுதாமையில் வேறொரு பாதுகாப்பும் இருந்தது. 1873இல் நாமிக் கமாலின் 'வதன் யாஹுத் ஸிலிஸ்த்ரா' என்னும் நாடகம் கெதிக்பாஷா அரங்கில் நடிக்கப்பட்டபோது மக்கள் உணர்ச்சிப் பெருக்கால் ஆர்ப்பரித்தனர். அதன் விளைவாக ஆசிரியர் சைப்ரஸ் தீவின் மாகூஸாக் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டார். ஏட்டில் உள்ளதைத் தணிக்கையாளன் கையில் எடுத்துப் படிக்கலாம். நடிகனின் நாவில் அந்தக் கணத்தில் பிறப்பதை அவன் முன்கூட்டியே படித்துப் பார்ப்பது எப்படி? அப்துல் ஹமீது காலத்துக் கண்காணிப்பிலும் துலூஆத் உயிரோடிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

துலூஆத் மேடையின் பெருங்கலைஞர்களுள் ஒருவர் ஹஸன் எஃபந்தி. வழுக்கைத் தலையராதலால் 'கெல் ஹஸன்' என்றே மக்கள் அழைத்தனர். இஸ்தான்பூலின் ஷஹ்ஸாதாபாஷிப் பகுதியில் ரமலான் இரவுகளில் நாடகக் கொட்டகைகள் நிறைந்திருந்த வீதியே இக்கலைஞர்களின் தலைமையிடமாக விளங்கிற்று. கெல் ஹஸனின் குழுவில் பயின்றவர் 1897இல் பிறந்த தும்புல்லு இஸ்மாயீல். ஆசானின் கவூக் மாணவருக்கு வந்தது.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1914இல் இஸ்தான்பூலில் 'தாருல் பதாயிஉ' என்னும் நாடகப் பள்ளி நிறுவப்பட்டது. 1927இல் அதன் தலைமையை ஏற்ற முஹ்சின் எர்துக்ருல் மேனாட்டு நாடக முறையை நாட்டில் வேரூன்றச் செய்தார். ஷேக்ஸ்பியரும் இப்ஸனும் மேடைக்கு வந்தனர். 1928இல் எழுத்தும் மாறி லத்தீன் எழுத்தாயிற்று. கற்றோர் கண்ணில் துலூஆத் பாமரர் கூத்தாகத் தாழ்ந்தது. அந்நாட்களிலும் தும்புல்லு இஸ்மாயீல் ஊர் ஊராகச் சென்று நடித்து, பழைய கலையின் கடைசி விளக்கைப் போல் நின்றார். அறிஞர் ஜவ்தத் குத்ரத் 1960களின் இறுதியிலிருந்து கராகோஸ், ஓர்த்தா ஓயுனு ஆகியவற்றின் உரைகளைத் தொகுத்துப் பல பாகங்களாக வெளியிட்டார். அத்தொண்டு பெரிது. எனினும் அச்சிட்ட தாளில் ஆட்டத்தின் சொற்கள் இருக்கும். சொல்லும் நேரம் இருக்காது.

எதிர்பாராத வாரிசு

1968இல் தும்புல்லு இஸ்மாயீல் தம் கவூக்கை முனீர் ஓஸ்குலிடம் ஒப்படைத்தார். இச்செயலின் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். முனீர் ஓஸ்குல் துலூஆத் குழுவில் வளர்ந்தவரல்லர். முஹ்சின் எர்துக்ருல் நடத்திய சிற்றரங்கில் மேனாட்டு நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றவர். பழைய ஆசான் தம் குழுவுக்குள்ளேயே தேடியிருக்கலாம். அவர் எதிர்முகாமிலிருந்து ஒருவரைத் தேர்ந்தார். முனீர் ஓஸ்குல் ஓர்த்தா ஓயுனு மரபில் வந்த 'கன்லி நிகார்' என்னும் ஆட்டத்தில் கவூக்லுவின் சாயலை மீண்டும் உயிர்ப்பித்திருந்தார். ஐந்தாண்டுக்குப் பின், 1973இல் தும்புல்லு இஸ்மாயீல் மறைந்தார்.

துருக்கிக் குடும்பங்கள் முனீர் ஓஸ்குலைத் திரைப்படத்தின் வழியாகவே மிகுதியும் அறியும். ரிஃபத் இல்காஸின் நூலைத் தழுவி 1975இல் வந்த 'ஹபாபம் ஸினிஃபி' படத்தில், அடங்காத மாணவர்களைக் கண்டிப்பாலும் அன்பாலும் நெறிப்படுத்தும் மஹ்மூத் ஆசிரியராக அவர் நடித்தார். ஒரு நாடு முழுவதும் அவரைத் தன் பள்ளி ஆசிரியராகவே நினைத்துக்கொண்டது. அவர் 1989இல் கவூக்கைக் கொடுத்தது ஃபர்ஹான் ஷென்ஸோய்க்கு.

கருங்கடலோரத்திலிருந்து

ஃபர்ஹான் ஷென்ஸோய் 1951ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், கருங்கடலோர ஸம்சூன் மாநிலத்தின் சார்ஷம்பா என்னும் ஊரில் பிறந்தார். இஸ்தான்பூலில் பிரெஞ்சு மொழிக் கல்விக்குப் புகழ்பெற்ற கலத்தாஸராய் பள்ளியில் பயின்றார். உயர்நிலைக் கல்வியைச் சொந்த ஊரில் 1970இல் முடித்தார். பிறகு பிரான்சுக்குச் சென்று ஸ்த்ராஸ்பூர்கில் நாடகக் கல்வி பெற்று, அந்நாட்டு நாடகக் கலைஞர்களுடன் பணியாற்றினார். அங்கிருந்து கனடாவின் மொண்ட்ரியால் நகருக்குச் சென்றார். ருஷ்ய எழுத்தாளர் கோகோலைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய நாடகத்துக்கு 1975இல் அங்கே சிறந்த அயல்நாட்டு நாடகாசிரியர் பரிசு கிடைத்தது. இருபத்து நான்கு வயதில் பிறமொழியில் எழுதிப் பரிசு பெற்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

துருக்கி மொழியில் சொல்லை உடைத்து, சேர்த்து, திருப்பிப் போட்டுப் புதுப்பொருள் காட்டுவதில் அவருக்கு நிகர் அவரே. கவூக்லுவின் கலையும் அதுதான். பீஷெகார் ஒன்று சொல்ல, கவூக்லு அதே ஒலியில் வேறொன்றைப் புரிந்துகொள்வார். அந்த இடைவெளியில் சிரிப்புப் பிறக்கும். பாரிஸின் வழியாகச் சென்ற ஷென்ஸோய் இறுதியில் வந்து சேர்ந்த இடம் தம் பாட்டனார் காலத்துக் களமே. 1980இல் தாம் நிறுவிய குழுவுக்கு 'ஓர்த்தா ஓயுஞ்ஜுலார்', அதாவது நடுவெளி ஆட்டக்காரர்கள், என்று அவர் பெயர் வைத்ததே இதற்குச் சான்று.

அக்குழுவின் முதல் படைப்பு 'ஷாஹ்லரீ தா வுருர்லார்' என்னும் இசை நாடகம். ஷாக்களையும் சுடுவார்கள் என்பது தலைப்பின் பொருள். ஈரானின் ஷா முஹம்மது ரிஸா 1979 ஜனவரியில் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். ஓர் அரியணையின் வீழ்ச்சியைப் பாட்டும் கேலியுமாக அந்நாடகம் காட்டிற்று. நாடகம் மேடையேறிய 1980ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 12ஆம் நாள், துருக்கியில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். கட்சிகள் கலைக்கப்பட்டன, எழுத்தாளர் பலர் சிறை சென்றனர். அத்தகைய நாட்களில் அதிகாரத்தைப் பற்றிச் சிரிப்பது விளையாட்டுக் காரியமன்று. அண்டை நாட்டு அரசனைப் பற்றிச் சிரித்த அவையினர், தம் நாட்டை நினையாமலா சிரித்திருப்பர்?

அடுத்த ஆண்டில் சிறு மளிகைக்காரன் ஒருவன் பேரங்காடியை எதிர்த்து நிற்கும் நாடகத்தைத் தந்தார். 1986இல், ஜெர்மானிய நகைச்சுவைக் கலைஞர் கார்ல் வாலன்டினை நடுநாயகமாக்கி 'உள்ளே டிராம் செல்லும் பாட்டு' என்னும் பொருள்படும் இசை நாடகத்தை எழுதினார். செகாவின் 'செர்ரித் தோட்டம்' அவர் கையில் கருங்கடலோரப் பேச்சு வழக்குக்கு மாறியது. தலைப்பையே அவ்வழக்கின் உச்சரிப்பில்தான் எழுதினார். ஓர்த்தா ஓயுனுக் களத்தில் பல வழக்குகளும் ஒலித்த பழைய நாட்களின் எதிரொலி அது.

தீயும் தனி மேடையும்

1986இல் துருக்கி அரசு சிறுவரைத் தீய வெளியீடுகளிலிருந்து காக்கும் பழைய சட்டமொன்றைத் திருத்திக் கடுமையாக்கியது. தீங்கு தருவது என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லின் துருக்கி வடிவமாகிய 'முஸிர்' என்பதே அச்சட்டத்தின் பேச்சு வழக்குப் பெயராயிற்று. பிள்ளைகளைக் காப்பது யாவருக்கும் உடன்பாடே. ஆனால் எது தீங்கு என்று முடிவு செய்பவர் யார் என்னும் வினாவும் உடன் எழுந்தது. ஷென்ஸோய் அவ்வினாவை 'முஸிர் முஸிகல்' என்னும் இசை நாடகமாக்கினார். அது நடந்துவந்த ஷான் அரங்கு 1987 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று.

அரங்கும் போயிற்று, நாடகமும் நின்றது. இசைக்குழு, நடனக்குழு, பெரிய காட்சிகள் என்று விரிந்திருந்த முயற்சி ஒரே இரவில் சுருங்கியது. அதே ஆண்டில் அவர் தனியொருவராக மேடையேறினார். 'ஃபர்ஹாங்கி ஷெய்லர்' என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். 'ஏதோ சில செய்திகள்' என்று பொருள்படும் துருக்கிச் சொற்றொடரில் தம் பெயரைப் பொதிந்து அமைத்த சிலேடை அது. நாட்டு நடப்புக்கேற்ப அந்நிகழ்ச்சியும் மாறி வந்தது. அன்றைய செய்தி அன்றைய மேடையில் பேசப்பட்டது. இவ்வாறு அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்து அமைந்துள்ளது. ஷென்ஸோய் எழுத்தாளர், கவூக்கோ எழுதாக் கலையின் சின்னம். எழுதியே பழகிய கைக்கு எழுதாமையின் சின்னத்தைக் கொடுப்பது எவ்வாறு பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை அந்தத் தனி மேடையில் இருந்தது. எல்லாம் எரிந்துபோன பின் ஒரு மனிதனிடம் எஞ்சியது அவன் நாவும், எதிரே அமர்ந்திருந்த மக்களும். நாற்காலியும் கைக்குட்டையும் கொண்டு காப்பிக் கடையில் அமர்ந்த மத்தாஹின் நிலையும் அதுவே. அன்றைக்கு உதிப்பதை அன்றைக்கே சொல்வது துலூஆத்தின் இயல்பு. தீ அவரைப் பழைய கலையின் வேரடிக்கே கொண்டு சேர்த்தது என்றால் மிகையாகாது. அதற்கு ஈராண்டு கழித்து முனீர் ஓஸ்குல் அவரிடம் கவூக்கைத் தந்தார்.

அதே 1989இல், இஸ்தான்பூல் பேயோக்லுப் பகுதியில் ஹலப் வணிக வளாகத்தில் உள்ள பழைய 'ஸெஸ்' அரங்கை ஷென்ஸோய் ஏற்று நடத்தத் தொடங்கினார். அது எழுந்த ஆண்டாகிய 1885ஐயும் பெயருடன் சேர்த்துக்கொண்டார். எரிந்த அரங்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டிராமல், இருக்கும் அரங்கு ஒன்றை அழியாமல் காத்தது அவருடைய பணிகளுள் குறிப்பிடத்தக்கது. நாவல், தன்வரலாறு, கட்டுரை என அவர் எழுதிய நூல்களும் பல. 2005இல் வெளிவந்த 'பார்தோன்' திரைப்படத்தின் கதையை எழுதி அதில் நடித்தார். குற்றமற்ற எளிய மனிதர்கள் சிறையில் அடைக்கப்பட்டு ஆண்டுகள் கழிவதையும், இறுதியில் 'மன்னிக்கவும்' என்னும் ஒரு சொல்லே அவர்களுக்குக் கிடைப்பதையும் காட்டும் அப்படத்தில் சிரித்தவர்கள், வெளியே வருகையில் மனம் கனத்தே வந்திருப்பர். பழைய பெரியார்கள் கேட்ட 'இப்ரத்' அதுதானே?

அமானிதம்

2016இல் ஷென்ஸோய் கவூக்கை ராஸிம் ஓஸ்தெகினிடம் கொடுத்தார். 1959இல் பிறந்த ஓஸ்தெகின் அவருடைய குழுவில் நெடுங்காலம் உடன் நடித்தவர். 'பார்தோன்' படத்திலும் அவருடன் தோன்றியவர். முந்திய கைமாற்றத்தில் பள்ளி மாறிச் சென்ற கவூக் இம்முறை மாணவர்க்கே வந்தது. இதில் கட்டளைச் சட்டம் எதுவும் இல்லை. தகுதி எங்கே உள்ளதோ அங்கே செல்லும் என்பதே விதி. பெற்ற மக்களுக்குச் சொத்தாக அது இறங்கியதில்லை என்பதும் நோக்கத்தக்கது.

ஓஸ்தெகினுக்கு இதய நோய் இருந்தது. மேடையைத் தொடர இயலாத நிலையில், 2020இல் அவர் கவூக்கை ஷவ்கத் சோருஹ் என்னும் நடிகரிடம் ஒப்படைத்தார். தொலைக்காட்சித் தொடரில் காவல் அதிகாரியாக நடித்து வீடுதோறும் அறிமுகமானவர் சோருஹ். ஈட்டிய பொருளைக் கொண்டு இஸ்தான்பூலின் காதிகோய் பகுதியில் 2017இல் 'பாபா ஸாஹ்னா' என்னும் அரங்கை உருவாக்கியவர். நான்கு ஆண்டுகளே வைத்திருந்து கைமாற்றிய ஓஸ்தெகினின் செயல் அவசரமாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். 2021 மார்ச் 8ஆம் நாள் அவர் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அவருடைய ஆசானாகிய ஃபர்ஹான் ஷென்ஸோயும் எழுபதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஆறு மாத இடைவெளியில் மறைந்த அவ்வாண்டில், கவூக் மட்டும் அனாதையாகவில்லை. தக்க நேரத்தில் அது தக்க கையைச் சென்று அடைந்திருந்தது.

நம் மரபில் இதற்கு நேரான சொல் உண்டு: அமானிதம். அமானிதப் பொருள் நம்மிடம் இருக்கும், ஆனால் நம்முடையதாகாது. அதைக் காக்கவும் வேண்டும். உரிய கையில் சேர்க்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும் கடமை நிறைவேறாது. கெல் ஹஸனிலிருந்து ஷவ்கத் சோருஹ் வரை அறுவர் அதை ஏந்தினர். ஒருவரைப் போல் மற்றவர் நடிக்கவில்லை. ஒருவர் கொட்டகைக் கலைஞர். ஒருவர் திரைப்பட ஆசிரியர். ஒருவர் பிரெஞ்சு கற்ற நாடகாசிரியர். முன்னவரை அப்படியே நடித்துக் காட்டியிருந்தால் அது நினைவுப் பொருளாகிக் கண்ணாடிப் பேழைக்குள் போயிருக்கும். ஒவ்வொருவரும் தம் காலத்து மக்களைத் தம் சொந்த நாவால் சிரிக்க வைத்ததால்தான், இஸ்தான்பூலின் தெருக்களில் எவருமே அணியாத ஒரு குல்லாய் இன்னும் உயிருள்ள பொருளாக இருக்கிறது.

சட்டத்தால் தலையணி மாறலாம், எழுத்து மாறலாம், அரங்கு தீக்கிரையாகலாம். ஓர் ஆசான் தம் கண் மூடுமுன் தகுந்த மாணவரைத் தேடிக் கண்டு, தம் கையில் உள்ளதைக் கொடுத்துச் செல்வாராயின் அக்கலைக்கு அழிவில்லை. நம்மிடையே மூத்தோர் பலர் தம் நெஞ்சில் மட்டும் வைத்திருக்கும் செல்வங்கள் உள்ளன. அவற்றைப் பெற்றுக்கொள்ள இளையோர் அருகில் சென்று அமர்கின்றனரா? அவற்றைக் கொடுத்துச் செல்ல மூத்தோர் உரிய காலத்தில் கை நீட்டுகின்றனரா? ஃபர்ஹான் ஷென்ஸோயின் வாழ்வை எழுதி முடிக்கையில் இவ்விரு வினாக்களும் நம்முன் நிற்கின்றன. விடை சொல்ல வேண்டியவர்கள் நம் இல்லங்களில் இருக்கின்றனர்.